தேவகிக்கு நான் கொடுத்த சொட்டு மருந்து

நீலசந்திரா பகுதியில் முப்பத்தோரு வருஷம் மெடிக்கல் ஷாப் நடத்தினேன். டி.ஃபார்ம் படித்தவன். ஆனால் கவுண்டருக்குப் பின்னால் பத்து வருஷம் நின்றால் எவனுக்கும் தானும் டாக்டர்தான் என்ற நினைப்பு வந்துவிடும். எனக்கும் வந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

என் கடைக்கு வழக்கமாக வரும் தேவகி, ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கர். தைத்து வரும் சட்டையில் விட்டுப்போன தையலைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. ஷிப்மென்ட் நெருங்கினால் ஓவர்டைம், தூக்கம் கிடையாது. அந்த வாரம் பார்த்து உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் வந்துவிடும்.

“பாருண்ணா, மறுபடியும் ஏதோ பூச்சி எச்சம் பண்ணிடுச்சு.”

“உங்க வீட்டுப் பூச்சிக்கு ஷிப்மென்ட் தேதியெல்லாம் தெரியுது போல!” என்று கிண்டலடித்து ஒரு களிம்பைக் கொடுத்து அனுப்புவேன். மடையன் நான். கேலியாகச் சொன்னதில்தான் விஷயமே இருந்தது. யோசிக்கவில்லை.

ஒரு கோடையில் உதட்டுக் கொப்புளத்தோடு இடது கண்ணும் சிவந்து வந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. டியூப்லைட் வெளிச்சமே அவளுக்குக் கூசியது.

“கண்ணாஸ்பத்திரிக்குப் போம்மா,” என்றேன்.

“ரஜா கேட்டா சூப்பர்வைசர் கண்டபடி திட்டுவாண்ணா. ஏதாச்சும் டிராப்ஸ் குடு. உன் கைராசிக்குச் சரியாயிடும்.”

கைராசி என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஸ்டீராய்டு டிராப்ஸை எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்து. ஆனால் சிவப்பு சட்டென்று இறங்கும் என்பதால் கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்துப் பழகியிருந்தேன். இரண்டே நாளில் சிவப்பு போனது. சந்தோஷமாக வந்து இன்னொரு பாட்டில் வாங்கிப் போனாள்.

மூன்று வாரம் கழித்துப் பார்வை மங்கி, கண் டாக்டர் சீட்டோடு வந்தாள். கருவிழியில் வெள்ளையாகத் தழும்பு. டாக்டர் விளக்கியதைச் சொன்னாள். கொப்புளம் பூச்சியால் வருவதில்லை, ஹெர்பிஸ் வைரஸால் வருகிறது. ஒருமுறை புகுந்தால் நரம்பிலேயே தூங்கிக் கிடக்கும். காய்ச்சல், கடும் வெயில், தூக்கக்கேடு, மனக்கஷ்டம் எது வந்தாலும் எழுந்துகொள்ளும். இந்த முறை கண்ணைப் பிடித்திருக்கிறது. ஸ்டீராய்டு அதற்குத் தீனி போட்டுவிட்டது. எல்லாம் நானும் படித்ததுதான். சீட்டை வாங்கிக்கொண்டு கேட்டேன்.

“டிராப்ஸ் யாரு குடுத்தாங்கன்னு டாக்டர் கேட்டாரா?”

“கேட்டாரு. வீட்ல பழசு கெடந்துச்சு, நானே போட்டுக்கிட்டேன்னுட்டேன். உன் கடைய மூடிட்டா நாங்க யாருகிட்டண்ணா போறது?”

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. செக்கர் வேலை போய், பேக்கிங்கில் அட்டைப்பெட்டி மடிக்கிறாள்.

உதட்டுக் கொப்புளத்தோடு கண் சிவந்து யார் வந்தாலும் நீங்களாக எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். அன்றைக்கே கண் டாக்டரிடம் அனுப்புங்கள். கெஞ்சுவார்கள், கைராசி என்பார்கள், கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்கும் போவார்கள். அந்தக் கடைக்காரரிடமும் ஓடிப்போய் இதைச் சொல்லுங்கள். நான் அன்று தேவகியைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக்கூடக் கவுண்டரை விட்டு நகரவில்லை.