கடைசித் தாளின் பின்பக்கம்

பூச்சி உருண்டை வாசனையும் கடற்காற்றின் பிசுபிசுப்பும் ஒன்றாக மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு ரோஸ் டீச்சரின் வாசகசாலைதான் ஞாபகம் வரும். பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர், சாந்தோம் சந்து ஒன்றில் தம் வீட்டு முன்னறையில் இரண்டு அலமாரிகளை வைத்து அதை நடத்தினார். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மயிலாப்பூரில் நாலாம் வகுப்பு படித்த எனக்குச் சனிக்கிழமை என்றாலே அந்த அறைதான்.

அங்கே மாதம் ஒன்றாக வந்த ஒரு துப்பறியும் கதை வரிசை என்னைப் பைத்தியமாக்கியிருந்தது. ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின் நூல்நிலையத்தில் உட்கார்ந்தபடியே, ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டு, குடை களவு போனாலும் கும்பா களவு போனாலும் கண்டுபிடித்துவிடுகிற குமாஸ்தாதான் அதில் கதாநாயகர். காகிதத் தட்டுப்பாட்டுக் காலமாதலால் அச்சகத்தார் இடத்தை வீணாக்காமல், கதை முடியும் தாளின் பின்பக்கத்தில் ஒரு புள்ளிக் கோலம் போட்டிருப்பார்கள். நான் அதைத் திரும்பியும் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை டீச்சர் மூன்று புத்தகங்களை என் முன்னால் வைத்தார். "உங்க வீட்டுக்குப் போய்ட்டு வந்ததெல்லாம் கடைசித் தாள் இல்லாம இருக்கு. திருடன் யாருன்னு எல்லாரும் என்னைக் கேக்கறாங்க. அடுத்த வாரத்துக்குள்ள தாள் வரலேன்னா உனக்கு இனிமே புத்தகம் கிடையாது" என்றார். அழுதுகொண்டே வீடு வந்தேன். நான் இன்னும் திருப்பிக் கொடுக்காத நாலாவது புத்தகம் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் கடைசித் தாள் பத்திரமாக இருந்தது.

வீட்டில் நாங்கள் மூன்றே பேர். கதைப் புத்தகத்தைக் கண்டாலே முகம் சுளிக்கும் அப்பாவின் மேல்தான் எனக்குச் சந்தேகம். குமாஸ்தாவைப் போல நானும் புத்தகத்தைக் கண்ணில் படும்படி வைத்துவிட்டு, தினமும் பள்ளி விட்டு வந்ததும் கதவிடுக்கில் ஒளிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை வந்தது அம்மா. அரிவாள்மணையைக் கழுவித் துடைத்து, கடைசித் தாளை அதன் கூரில் வைத்துப் பூவைக் கிள்ளுவதுபோல் அறுத்தெடுத்தாள்.

"ஏம்மா கிழிச்சே?" என்று கத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

"இன்னாடி கத்தறே? நீதான் படிச்சு முடிச்சிட்டியே. பின்னால சும்மா கீற கோலத்தைத்தானே எடுத்தேன், மார்கழிக்கு ஆவும்னு."

தாளைத் திருப்பி அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "இதுல இன்னா எழுதிக்கீது?" என்றாள் மெதுவாக.

பத்திரிகையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, "கண்ணு எரியுது, நீயே படி" என்று என்னிடம் அத்தனை காலமாக அவள் சொல்லிவந்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கோபமெல்லாம் போய் வெட்கமாக இருந்தது.

மறுநாள் அம்மாவும் கூட வந்தாள். கோலப்பொடி டப்பாவில் வைத்திருந்த நாலு தாள்களும் என் கையில். படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்க, "நான்தான் கிழிச்சேன், டீச்சர்" என்றேன்.

"அவ இல்லீங்க டீச்சரம்மா" என்றாள் அம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி. "நான்தான். எனக்கு எழுத்து தெரியாதுங்க."

டீச்சர் உள்ளே போய்ப் பசைக் கிண்ணத்தைக் கொண்டுவந்து, "நீங்களே ஒட்டிக் குடுங்கம்மா" என்று பாய் போட்டு உட்காரவைத்தார். அதற்கப்புறம் யாரும் எனக்குப் புத்தகம் கிடையாது என்று சொல்லவில்லை.

இன்று அந்தச் சந்தில் டீச்சர் வீடு இல்லை. அங்கே அடுக்குமாடிக் கட்டடம் நிற்கிறது. அம்மாவும் போய்ப் பல காலமாகிறது. வாசகசாலையை மூடிய நாளில் டீச்சர் என்னிடம் கொடுத்த ஒரே ஒரு புத்தகம் மட்டும் இருக்கிறது. அதில் திருடன் பிடிபடப்போகும் இடத்தில் பக்கத்தைத் திருப்பினால் முதலில் ஒரு கோலம் வரும். தாளை மறுபடி திருப்பினால்தான் திருடன். தனக்குத் தெரிந்த பக்கத்தை முன்பக்கமாக வைத்து அம்மா ஒட்டியிருக்கிறாள். டீச்சர் அதைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார். அவரும் மாற்றவில்லை, நானும் மாற்றவில்லை.