ஒன்பது மணித் தட்டு

வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஒரு துணிக்கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில், ஒற்றை அறையில் நாங்கள் இருந்தோம். அப்பா, அம்மா, நான். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். கடல் எங்களுக்குப் பின்பக்கம்தான், ஆனால் கடற்காற்று பின்சுவரோடு நின்றுவிடும். ஜன்னலைத் திறந்தால் வீதிதான் உள்ளே வரும். "கோட்டுவ, கோட்டுவ" என்று கோட்டைக்கு ஆள் கூப்பிடும் பஸ் கொண்டக்டர்கள், லொத்தர் சீட்டு விற்பவரின் ஒலிபெருக்கி, முச்சக்கர வண்டிக்காரர்களின் சண்டை, பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பணிசும் விற்க வரும் ரொட்டி வண்டி. இவ்வளவு சத்தத்துக்கு நடுவில் ஒரு பிள்ளை தனியாக இருக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியும் பிள்ளைகளே. அந்தச் சத்தங்களில் ஒன்றும் என்னைக் கூப்பிடுகிற சத்தம் இல்லையே.

அம்மா கீழே அந்தத் துணிக்கடையில்தான் வேலை செய்தார். வருகிறவர்களுக்குச் சாரி விரித்துக் காட்டுவதும், அவர்கள் வாங்காமல் போனதும் அதை மடித்து வைப்பதும் அவருடைய வேலை. கடை பூட்டும்வரை மேலே வர முடியாது. அப்பா வீதிக்கு அந்தப் பக்கம் இருந்த சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போடுகிறவர். மாலையில் போனால் நடுச்சாமம் தாண்டித்தான் வருவார். நான் பள்ளிக்கூடம் போகும்போது அவர் தூங்குவார். நான் வரும்போது அவர் சட்டை மாற்றிக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டில் அப்பா என்பவர் பெரும்பாலும் போர்வைக்குள்தான் இருந்தார்.

ஆனாலும் என் காதில் அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். கொத்து போடுகிற இரும்புத் தட்டு கடையின் முகப்பில், வீதியைப் பார்த்தபடி இருந்தது. மேலேயிருந்து பார்த்தால் கடையின் பெயர்ப்பலகை அவருடைய தலையை மறைத்துவிடும். கடைக்காரர்கள் போடுகிற சிவப்பு டீசேர்ட்டும், இரண்டு கைகளும், கைகளில் இருக்கும் ரொட்டி கொத்துகிற தகடுகளும் மட்டும் தெரியும். ஒரு பஸ் வந்து நின்றால் அதுவும் போய்விடும். அதனால் நான் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கினேன். வீதியால் போகிறவர்கள் எல்லாக் கொத்துக் கடையிலும் ஒரே சத்தம்தான் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. ஒவ்வொருவருடைய கைக்கும் ஒவ்வொரு தாளம் உண்டு. அப்பாவின் தாளம் மெதுவாகத் தொடங்கி, பிறகு யாரோ துரத்துவதுபோல ஓடும்.

இரவு ஒன்பது மணிக்கு அம்மா பாய் விரிப்பார். அந்த நேரத்தில், கையில் இருக்கும் கொத்தை முடித்ததும், அப்பா தட்டின் ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. அது எனக்கு. அதைக் கேட்டதும் நான் அறை லைட்டை இரண்டு தரம் அணைத்துப் போடுவேன். அது அவருக்கு. பிறகு லைட்டை நிறுத்திவிட்டுப் படுத்தால் உடனே தூக்கம் வந்துவிடும். அம்மா மட்டும் ஜன்னலண்டை நிற்பார். நீங்கள் தூங்கவில்லையா என்று கேட்டால், "காத்து வாங்குறேன், நீ படு" என்பார்.

ஒருமுறை ஒரு சாவு வீட்டுக்காக அப்பா அப்புத்தளைப் பக்கம் எங்கள் சொந்த ஊரான தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தார். அந்த நாட்களில் வேறு யாரோ கொத்துப் போட்டார்கள். எனக்குத் தூக்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை. காய்ச்சல் வந்து, அம்மா கடையில் லீவு சொல்லி என்னை டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு திரிந்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நடந்ததெல்லாம் அந்தக் காய்ச்சலால்தான்.

ஒரு நாள் காலையில் நான் பள்ளிக்கூடம் போகப் புறப்பட்டபோது அப்பா எழும்பி உட்கார்ந்திருந்தார். என் சப்பாத்து லேஸைத் தானே கட்டிவிட்டார். அவருக்கு அந்த வேலை பழக்கமில்லை, இறுக்கிக் கட்டிவிட்டார். கால் வலிக்கிறது என்று நான் சிணுங்கிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டேன்.

அன்றிரவு அம்மா ஒரு செய்தி சொன்னார். கடையில் காலைச் சாப்பாடும் போடத் தொடங்கிவிட்டார்களாம், அப்பா இனி வேலைக்காரர்களோடு அங்கேயே தூங்குவாராம். எனக்கு முகம் வாடியது. ஆனால் ஒன்பது மணிக்குத் தட்டுச் சத்தம் வந்தது. இரண்டு, பிறகு ஒன்று. கொத்துப் போடும் தாளம் கொஞ்சம் மாறியிருந்ததைக் கவனித்தேன். காலையிலும் வேலை செய்தால் கை களைத்துத்தானே போகும் என்று நானே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன். சிவப்பு டீசேர்ட் அங்கேதான் இருந்தது. கைகளும் இருந்தன. அது போதுமாக இருந்தது.

அப்படியே பல நாட்கள் போயின. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் துணிக்கடையைப் பூட்ட நேரமாகும். அப்படியொரு மாலையில், மேல் வரிசையில் ஆடிக்கொண்டிருந்த என் முன்பல் கையோடு வந்துவிட்டது. அதை யாரிடமாவது காட்ட வேண்டும். கீழே போய் எட்டிப் பார்த்தேன். அம்மாவுக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டமே உட்கார்ந்திருந்தது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. பல்லைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு அப்பாவைத் தேடி வீதியைக் கடக்கத் துணிந்தேன்.

தனியாகக் காலி வீதியைக் கடக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மஞ்சள் கடவையில் பை நிறையச் சாமான்களோடு நின்ற ஒரு அக்காவின் பக்கத்தில் அவருடைய பிள்ளைபோல நின்று, அவரோடு சேர்ந்து கடந்துவிட்டேன். அவருக்கே அது தெரியாது.

கடை முகப்பில் புகையும் முட்டை வாசமுமாக இருந்தது. பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தேன். சிவப்பு டீசேர்ட்டுக்கு மேலே ஒரு தாடி இருந்தது. தாடிக்கு மேலே ஒரு வெள்ளைத் தொப்பி. நான் ஒருநாளும் பார்த்திராத ஒரு முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர்களில் ஒருவர், அப்பாவின் தகடுகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவருடைய கை நின்றுவிட்டது.

"மேல லைட் போடுற மகனா நீங்க?" என்று கேட்டார்.

"எங்கப்பா எங்க?" என்றேன்.

அவர் காசு மேசையில் இருந்த முதலாளியைப் பார்த்தார். முதலாளி மேசையைப் பார்த்தார். உள்ளே சாப்பாட்டு மேசையில் இருந்து "அய்யே, மகே கொத்து எக்க கோ?" என்று ஒருவர் சிங்களத்தில் தன்னுடைய கொத்தைக் கேட்டார். நானா அதைக் காதில் வாங்கவில்லை.

"வேலைக்குத்தான் போயிருக்காரு மகன். வருவாரு" என்றார். பிறகு தகடுகளை வைத்துவிட்டு, டீசேர்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து என் கையைப் பிடித்தார். அவருடைய கையில் அப்பாவின் கை வாசம் அப்படியே இருந்தது. வெங்காயமும் முட்டையும் எண்ணெயும். அதுவரை அப்பாவின் வாசம் அப்பாவுடையது என்றுதான் நான் நினைத்திருந்தேன். வீதியின் நடுவில் பஸ்களை நிறுத்தி என்னை இந்தப் பக்கம் கொண்டுவந்து, படியடியில் விட்டார்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றேன்.

"சரி மகன். ஏசுவாங்க என்ன?" என்று சிரித்தார்.

அம்மா ஏசுவார் என்று நான் அப்படிச் சொல்லவில்லை. படியேறும்போதே எனக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. அப்பா எங்கேயோ போய்விட்டார். வேறு யாரோ அவருடைய தட்டைத் தட்டுகிறார். அம்மாவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால், ஒவ்வோர் இரவும் அப்பா தட்டுகிறார், அப்பா தட்டுகிறார் என்று சொல்லிக்கொண்டிருப்பாரா? அம்மா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஆகவே ஏமாந்துபோயிருப்பது அம்மாதான். தெரிந்தால் அழுவார், காய்ச்சல்கூட வரும். அப்போது அவரை யார் டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போவது?

அன்றிரவு அம்மா களைத்துப்போய் வந்தார். பல் எங்கே என்று கேட்டார். விழுந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். பாய் விரித்தார். தட்டுச் சத்தம் வந்தது.

"அப்பா தட்டுறாரு. லைட்டப் போடுடா" என்றார்.

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். கொஞ்சம் சிரித்த முகமாகத்தான் இருந்தது. பாவம் அம்மா என்று நினைத்துக்கொண்டு, வழக்கம்போல லைட்டை இரண்டு தரம் அணைத்துப் போட்டேன். படுத்துத் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா ஜன்னலண்டை நின்றார். வீதி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான் காய்ச்சல் இல்லாமல் பள்ளிக்கூடம் போய் வந்தேன். பள்ளி விடுமுறை வந்ததும், அம்மா என்னை மடியில் இருத்தி, அப்பா கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று மெல்ல மெல்லச் சொன்னார். நானும் அப்போதுதான் கேள்விப்படுகிறவன்போல வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் ஒன்பது மணிக்குத் தட்டுச் சத்தம் வந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நானும் லைட்டைப் போட்டேன்.

அப்பா திரும்பி வந்தபோது எனக்கு எல்லாப் பல்லும் முளைத்திருந்தது. பென்சில் பெட்டியில் வைத்திருந்த அந்தப் பழைய பல்லை எடுத்துக் கொடுத்தேன். அது என்னவென்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் உருட்டிப் பார்த்தார். அன்றிரவு சாப்பாட்டுக்குக் காத்திருந்தபோது, நானாவுக்கு நம்முடைய தட்டை எப்படிச் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் யாருக்கும் சொல்லிக் குடுக்கலையே" என்றார் அப்பா. "அவர நான் பார்த்ததுகூட இல்ல. நான் போன பொறகுதானே அவரு வேலைக்கு வந்திருக்காரு."

அம்மா எங்களுக்கு முதுகு காட்டியபடி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "நீங்க போன அன்னிக்குக் கடை பூட்டினதும் போய், கரண்டியால தட்டிக் காட்டினேன்" என்றார். "நானாவுக்கு மொதல்ல வரல்ல." கத்தியின் பின்பக்கத்தால் பலகையில் தட்டினார். இரண்டு. இடைவெளி. ஒன்று.

அச்சாக அப்பாவின் தட்டு. இடைவெளிகூடக் கூடவோ குறையவோ இல்லை. எனக்கென்று தட்டிய தட்டை அம்மா எப்படி இவ்வளவு சரியாகத் தட்டுகிறார் என்று அன்றைக்கு ஆச்சரியப்பட்டேன். அதற்குமேல் யோசிக்கவில்லை. லைட்டை நிறுத்திய பிறகு, இரவுக்கு இரவு, அவர் ஜன்னலண்டை காற்று வாங்க நின்றதைப் பற்றியும் யோசிக்கவில்லை.

எங்கள் ஜன்னலுக்குக் காற்று வருவதே இல்லை.