மெஸ் டிரம்மில் மிஞ்சிய சோறு

எனக்குக் கோவையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நடந்ததும் முன்பின்னாகத்தான் ஞாபகம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மெஸ்ஸில் புதிதாகச் சேரும் பெண்கள் படிப்பதற்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று வார்டன் மேடம் கேட்டார். அதனால் எழுதுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் உள்ள ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் தலைமைச் சமையல் பார்த்தேன். போன வருஷம்தான் நின்றேன்.

1. செயலாளர் மூடியைத் திறந்தார்

ஒரு நாள் மத்தியானம் பந்தி முடிந்த நேரம் கல்லூரிச் செயலாளர் வந்தார். நேரே பின்கட்டுக்குப் போய் எச்சில் டிரம்மின் மூடியைத் திறந்தார். விளிம்பு வரை வெள்ளைச் சோறு.

"இம்புட்டுச் சோத்தைக் கொட்டுதிய. பிள்ளைகளுக்கு உங்க சமையல் வாயில வைக்க விளங்கலையா?"

பெரியவர்கள் முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மாசக் கடைசியில திரும்ப வருவேன். இப்படியே இருந்தா வெளியாளுக்குக் காண்ட்ராக்ட் விட்டுருவேன். மதுரைக்காரர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காண்ட்ராக்ட்காரர் வந்தால் அவர் ஆட்களோடுதான் வருவார். நாங்கள் எல்லோரும் வெளியே போக வேண்டியதுதான். பரிமாறும் சுப்புத்தாய் மம்சாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். "இனி மில்லுல சேத்துக்கிடுத வயசா நமக்கு?" என்று பாத்திரத்தைத் தேய்த்தபடியே சொன்னாள்.

2. தராசோடு வந்த பிள்ளைகள்

அடுத்த வாரம் சுற்றுச்சூழல் அறிவியல் முதல் வருஷப் பிள்ளைகள் கையுறை மாட்டிக்கொண்டு தராசோடு வந்தார்கள். முன்னால் நின்றவள் பவித்ரா. வத்திராயிருப்பில் நெல் விவசாயம் பார்க்கும் வீட்டுப் பெண்.

"ஆச்சி, உங்க டிரம்மை ஒரு வாரம் எங்களுக்குத் தாங்க."

"எதுக்குத் தாயி?"

"எது எம்புட்டு மிஞ்சுதுன்னு பிரிச்சு எடை போடணும். வேஸ்ட் ஆடிட். எங்க பிராக்டிகல்."

சுப்புத்தாய் சிரித்தாள். "எச்சிச் சோத்தை நிறுக்கவா ஏட்டி காலேசுக்கு வந்த? உங்கய்யா கேட்டா என்ன சொல்லுவாரு?"

"இந்த டிரம்மைப் பாத்தார்னா ஒண்ணும் சொல்ல மாட்டாரு அக்கா. அழுதுருவாரு."

சுப்புத்தாய் நகர்ந்து டிரம்முக்கு வழி விட்டாள். எனக்கோ உள்ளுக்குள் பயம். சமையல் சரியில்லை என்று இவர்கள் எழுதிவிட்டால் செயலாளருக்கு அதுவே போதும். ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

தார்ப்பாய் விரித்து, சோறு ஒரு வாளி, பொரியல் ஒரு வாளி, குழம்பு ஒரு வாளி என்று பிரித்தார்கள். முதல் நாள் ஒரு பிள்ளை வாந்தி எடுத்துவிட்டு ஓடிப்போனது. மறுநாள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு அதுவே முதலாவதாக வந்து நின்றது.

வார முடிவில் பவித்ரா என்னைத் தேடி அடுப்படிக்கு வந்தாள். "ஆச்சி, பொரியல் வாளியில அடிகூட மறையல. குழம்பும் அப்படித்தான். சோறு மட்டுந்தான் மிஞ்சுது. அதுவும் பிசையாத சோறு. உங்க சமையல்ல கொறை இல்ல."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

3. இரண்டு கரண்டி

பந்தியிலும் அவர்கள் நின்று கவனித்திருந்தார்கள். சாப்பிட உட்கார்ந்தவருக்கு ஒரே கரண்டியோடு நிறுத்துவது ஆகாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். இரண்டாவது கரண்டி கேட்காமலே விழும். மெஸ்ஸிலோ கரண்டி கிடையாது, சோறு அள்ளுகிற பெரிய அன்னவெட்டி. அதால் இரண்டு தரம் போட்டால் காடு கழனியில் வேலை செய்கிற ஆணுக்கே அதிகம். புதுப் பிள்ளைகள் போதும் என்று சொல்லக் கூச்சப்பட்டு வாங்கிக்கொண்டார்கள்.

"இனி ஒரு தரம் போடுங்கன்னு சொல்லப் போறியா?" என்று சுப்புத்தாய் பவித்ராவை முறைத்தாள்.

"வேண்டாம் அக்கா. ரெண்டு தரமே போடுங்க. வெட்டியை மட்டும் சின்னதாக்குவோம். பத்தாதவங்க திரும்ப வரட்டும்."

"பஞ்சத்துல கஞ்சி ஊத்துத மாதிரில்லா இருக்கும்?"

முனகிக்கொண்டேதான் சின்னக் கரண்டியைக் கையில் எடுத்தாள். மூன்றாம் வருஷப் பிள்ளை ஒருத்தி கேலி பண்ணினாள். "என்ன சுப்பக்கா, மழையில நனைஞ்சு கரண்டி சுருங்கிப் போச்சா?"

"உன் வயிறு சுருங்கலைன்னா மறுபடி வா ஏட்டி. சட்டி நிறைய இருக்கு."

மறுபடி வந்தார்கள், சூடாக வாங்கிப் போனார்கள். டிரம்மில் சோறு நாளுக்கு நாள் இறங்கியது. பிராக்டிகல் முடிந்த பிறகும் பவித்ரா மட்டும் தினமும் வந்து எடையைச் சொல்லச் சொல்ல நான் உலையில் போடும் அரிசியைக் குறைத்துக்கொண்டே வந்தேன்.

4. மாசக் கடைசி

பந்தி முடியப் போகிற நேரம் செயலாளர் மதுரைக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்தார். கறிவேப்பிலையும் முருங்கைக்காய்ச் சக்கையும் அடியில் கிடந்தன.

"மிச்சத்தை எங்க ஒளிச்சு வச்சிருக்கிய?"

வார்டன் மேடம் பதில் சொல்வதற்குள் நானே பேசிவிட்டேன். "ஒளிக்கல ஐயா. பிள்ளைக சாப்பிட்டுட்டுதுக."

"கொறைச்சுப் பொங்கிப் பட்டினி போடுதியளோ?" என்று சந்தேகத்தோடு பந்திக்குள் நுழைந்தார். எதிரே தட்டோடு வந்த பிள்ளைக்கு அவர் யாரென்று தெரியாது.

"சார், செத்த வழி விடுங்க. மூணாவது தரம் வாங்கப் போறேன்."

அவர் ஒதுங்கி வழி விட்டார். பிறகு சிரித்துவிட்டார். மதுரைக்காரரைப் பார்த்து, "வந்ததுக்குச் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். அவரும் உட்கார்ந்தார், ரசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். காண்ட்ராக்ட் பேச்சு அதோடு போயிற்று. அன்று சாயங்காலம் சுப்புத்தாய் எல்லோருக்கும் பஜ்ஜி போட்டாள்.

புதிதாக வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். சோறு மிஞ்சினால் நம் கை சரியில்லை என்று சோர்ந்து உட்காராதீர்கள். எது மிஞ்சியது என்று பிரித்துப் பாருங்கள்.

பவித்ரா இப்போது மூன்றாம் வருஷம் படிக்கிறாள். அச்சில் போடுவதற்கு முன் அவள் ஒரு தடவை இதைப் படித்துப் பார்க்கட்டும். பிராக்டிகலுக்காக எல்லோரும் வந்து எடை போட்டது ஒரு வாரந்தானா, கூட இரண்டு நாளா என்று எனக்கு நிச்சயமில்லை. தப்பிருந்தால் அவளே திருத்திவிடட்டும்.