பில்டரில் கழண்டு விழுந்த சீசன்கள்

நேரலைக்கு நாற்பது நிமிசம் இருக்கேக்கதான் நான் விட்ட பிழை என்ர கண்ணில பட்டுது.

ரொறன்ரோவில ஒரு விளையாட்டுச் சனலில பேஸ்போல் புள்ளிவிபரம் எடுத்துக் குடுக்கிறதுதான் என்ர வேலை. அண்டைக்கு ரெண்டு பிற்சர்மாரை, பந்து எறியிறவையை, ஒப்பிடுற அட்டவணை, எங்கட பேச்சில ரேபிள். ஒருத்தர் அஞ்சு வருசம் எதிரணியளை அழவைச்சவர். பிறகு தோள்மூட்டு போய், விட்டுவிட்டு எறிஞ்சவர். மற்றவர் பத்தொன்பது வருசம் ஒரு சீசனும் தவறாமல் எறிஞ்சவர். அவர்தான் விருந்தாளி, மேக்கப் அறையில வந்து இருந்திட்டார். என்ர ரேபிளில அவருக்கு ரெண்டாமிடம்.

வழக்கமா ஒரு பில்டர் போடுவம். ஒரு சீசனில இத்தனை இன்னிங்ஸுக்குக் குறைய எறிஞ்சால் அந்தச் சீசனை விட்டிடும். ரெண்டு ஆட்டம் எறிஞ்ச புதுப்பெடியன் பட்டியலில முதலாவதா வந்து நிக்கக் கூடாதெல்லே? அண்டைக்குச் சரியான பனி. ஸ்ரௌவ்வில்லில இருந்து கார் ஊர்ந்து வந்துசேரப் பிந்திப்போச்சு. அந்த அவதியில, கைப்பழக்கத்தில, விட்டுக்குடுத்த ஓட்டங்களின்ர வாழ்நாள் சராசரிக்கும் அதே பில்டரைப் போட்டிட்டன். முதலாமவர் காயத்தோட அடிவாங்கின சீசன் எல்லாம் கழண்டு போச்சு. மற்றவர் வயசுபோய் அடிவாங்கினது மட்டும் அப்பிடியே நிண்டுது. ஒழுங்கா வேலைக்கு வந்ததுக்கு அந்தாளுக்குத் தண்டனை! எனக்கு என்னிலயே பத்திக்கொண்டு வந்துது.

தயாரிப்பாளர் ஷர்மிளாவிட்ட ஓடினன்.

"அங்கிள், கிராபிக்ஸ் லொக் பண்ணியாச்சு. நோ சேஞ்சஸ்."

"பிழை என்ர, பிள்ளை. ஆனா உது போகக் கூடாது."

"ஆர் கண்டுபிடிக்கப் போகினம்?"

"அந்தாள் பக்கத்து அறையில இருக்கிறார். எறிஞ்சவருக்குத் தெரியும்."

அவ மணிக்கூட்டைப் பார்த்தா. "ஓகே, பதினைஞ்சு நிமிசம். பட் எனக்கு ஒரு வின்னர் வேணும்."

"ரெண்டு வரி தாறன். ஆகச் சிறந்த அஞ்சு சீசன் ஒண்டு, முழுச் சீசனும் ஒண்டு. முதல் வரியில தோள்மூட்டுக்காரர் முன்னுக்கு, ரெண்டாம் வரியில எங்கட விருந்தாளி. அதை ஒண்டாக்கிறதெண்டால் வேற ஆளைப் பாருங்கோ."

முறைச்சா. ஆனா போட்டா.

நிகழ்ச்சி முடிய விருந்தாளியிட்டப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னன். அவர் ஒண்டுதான் கேட்டார்: "என்ர கடைசி ரெண்டு வருசத்தையும் சேர்த்தனீங்களோ?"

அதுதான் அவரின்ர ஆகப் பாழான ரெண்டு சீசன். "ஓம், சேர்த்தனான்" எண்டன்.

"நல்லது. அதுவும் நான் எறிஞ்சதுதானே."

இப்ப நான் ஒரு ரேபிள் அனுப்ப முதல், பில்டரில விழுந்த சீசன் ஒவ்வொண்டையும் எறிஞ்சவரின்ர பேர் சொல்லிப் பார்க்காமல் கதிரையால எழும்புறேல்லை.