அழுக்கு தெரியாத தரை

நாய் முடியை ஒரு பாலிதீன் பையில் போட்டு எடுத்துக்கொண்டு டைல்ஸ் கடைக்குப் போன மனிதன் திண்டுக்கல்லில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வீட்டில் இரண்டு நாய்கள். ஒன்று செம்பட்டை, இன்னொன்று சாம்பல். இரண்டின் முதுகையும் சீப்பால் வாரி, உதிர்ந்ததை ஒரு பிடி சேர்த்து, பைபாஸ் ரோட்டுக் கடையில் அடுக்கியிருந்த டைல்ஸ் ஒவ்வொன்றின் மேலும் தூவிவிட்டு, நாலடி பின்னால் போய் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். எதில் முடி தெரியவில்லையோ அதுவே நம் தரை. இத்தனை புத்தகங்களைப் படித்து நான் கண்டடைந்த ஒரே ஆராய்ச்சி முறை இதுதான். விற்பனை பார்த்த பெண் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சார், இது யாரோட முடி?" என்று கேட்டாள். துக்கம் விசாரிக்கும் குரல்.

என் மனைவி கடையின் மறுகோடியில், வாஷ்பேசின்களுக்கு நடுவே, என்னை முன்பின் தெரியாதவளைப் போல நின்றுகொண்டிருந்தாள். அங்கே போகிற வழியில் பால் வெள்ளையாக இருந்த ஒரு டைல்ஸை அவள் ஒரு விரலால் தடவிப் பார்த்தாள். தூசி இருக்கிறதா என்று பார்க்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கிறுக்கு எனக்குப் பரம்பரைச் சொத்து. அப்பாவிடமிருந்து வந்தது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் டைல்ஸ் என்பது ஆஸ்பத்திரிச் சுவருக்குரிய பொருள்; வீட்டுத் தரை என்றால் சிமெண்டு, கொஞ்சம் வசதி வந்தால் மொசைக். எங்கள் வீட்டில் சிமெண்டுத் தரை. அது பொரிந்து, பெருக்கப் பெருக்கத் தரையே தூசியாக வந்துகொண்டிருந்தது. மாற்றியாக வேண்டும் என்பதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அவர்களுக்குள் கருத்து ஒற்றுமை இருந்த கடைசி விஷயம் அதுவாக இருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய அத்தை வந்து சேர்ந்தார். அப்பாவின் அக்கா. தாயில்லாத அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். ஒட்டன்சத்திரத்தில் வாழ்க்கைப்பட்டு, மாமா காய்கறி மண்டி நடத்தி, பிள்ளையில்லாமல், மாமாவும் இறந்துபோய், ஒரு தகரப் பெட்டியோடும் இரண்டு நாய்களோடும் எங்கள் வாசலில் வந்து இறங்கினார். மண்டிக்குக் காவல் இருந்த நாய்கள். கறுப்பு மணி, வெள்ளை ராணி. எங்கள் வீட்டுத் தெற்கத்திப் பேச்சு மறந்து, அத்தைக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு ஊறிப்போயிருந்தது. எங்களிடம் மட்டுமல்ல, நாய்களிடமும் மரியாதை குறையாது. "வாங்க மணி, சோறு உண்ணுங்க" என்பார். தன்னிடம் அத்தை 'ங்க' போட்டுப் பேசுவது கேலி என்பது அம்மாவின் அபிப்பிராயம்.

அம்மா அத்தையைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. நாய் முடியைப் பற்றித்தான் சொல்வார். குழம்பில் முடி. ஜெபமாலையில் முடி. என் சட்டைக் காலரில் முடி. "மதினி, இந்தா பாருங்க" என்று இரண்டு விரலால் தூக்கிக் காட்டுவார். அத்தை அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது ராணியோடதுங்களா, என் தலையில இருந்து விழுந்ததுங்களா, தெரியலீங்களே அம்மணி" என்பார். அதற்குப் பிறகு சமையலறையில் பாத்திரங்கள் பேசும்.

எனக்கோ அந்த நாய்கள் உயிர். இரவில் இரண்டுக்கும் நடுவில்தான் படுப்பேன். அவற்றை வெளியே கட்டப்போகிறார்கள், அப்புறம் எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் அந்தோனியாரிடம் தினமும் முறையிட்டேன். பிரச்சினை நாய்கள்தான் என்று முழுமனதாக நம்பியவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான்.

அப்பா அறிவியல் வாத்தியார். எதையும் சோதித்துப் பார்க்காமல் ஏற்க மாட்டார். அம்மா சொல்வதை மட்டும் சோதிக்காமலே தள்ளுவார். "கோயில் பீடத்துத் தரை மாதிரி வெள்ளையாப் போடலாமே" என்று அம்மா ஒருநாள் சோறு பரிமாறிக்கொண்டே சொன்னபோது, அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நம்ம வீட்டுக்கும் அதுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது. அழுக்கு கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான சண்டை? தெரியாத தரையாப் போட்டுட்டா?" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் புதிய விதி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட ஒளி இருந்தது.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, அப்பாவும் நானும் நாய்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பழனி ரோட்டில் நடந்தோம். மொசைக் போடும் மேஸ்திரியின் பட்டறையில் மாதிரிச் சதுரங்களை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்கள். வெள்ளை, பச்சை, மஞ்சள், கறுப்பு, எல்லாம் கலந்தவை. அப்பா ஒரு பேசினில் செம்மண்ணைக் கரைத்தார். மணியின் பாதங்களை அதில் முக்கி மாதிரிகளின் மேல் நடக்கவிட்டார். பிறகு ராணியை. கறுப்புக் கல்லில் ராணியின் முடி பளிச்சென்று தெரிந்தது. வெளிறிய கல்லில் மணியின் முடி. இரண்டும் தெரியாத கல் வேண்டும், அதில் செம்மண் தடமும் மறைய வேண்டும். அப்பா குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மேஸ்திரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏன் வாத்தியாரே, இம்புட்டு எதுக்கு? நாய் எந்தக் கல்லுல காலத் தூக்குதோ அத விட்டுட்டு மத்ததுல ஒண்ணப் போட்டுருவோம்" என்றார்.

மணிக்கு அது காதில் விழுந்திருக்க வேண்டும். நேராகப் போய் வெள்ளைக் கல்லின் மேல் காலைத் தூக்கியது. மேஸ்திரி சிரித்தார், அப்பா சிரித்தார், நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வெள்ளை விஷயம் அத்தோடு முடிந்தது. கடைசியில் செங்கல் நிறச் சிமெண்டில் கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாகச் சில்லுகள் கலந்த ஒன்று தேர்வானது. பார்ப்பதற்கு யாரோ வாந்தி எடுத்து அதை ஒருவர் கவனமாக மெருகேற்றிய மாதிரி இருக்கும்.

வீட்டுக்கு ஓடிவந்து, மணி காலைத் தூக்கிய கதையை அம்மாவிடம் நடித்தே காட்டினேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். சிரிக்கவில்லை. "அப்படியா அப்பு" என்றார். களைந்த அரிசியையே மறுபடி களைந்தார்.

தரை போட்டு, மெஷின் வைத்துத் தேய்த்து முடிவதற்குள் தெருவே எங்களைச் சபித்தது. மொசைக் தேய்க்கத் தண்ணீர் ஆறாக ஓட வேண்டும். எங்கள் தெருக் குழாயிலோ தண்ணீர் வருவது ஊர்த் திருவிழா மாதிரி, வரும்போது வரும். அத்தை விடியுமுன்னே எழுந்து எங்கெங்கோ போய்க் குடம் குடமாகச் சுமந்து வந்தார். எல்லாம் முடிந்து வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார், தீர்த்தம் தெளித்துக்கொண்டே கீழே பார்த்துவிட்டு, "தரை இனிமேத்தான் போடணுமோ?" என்று கேட்டார். அப்பாவுக்கு அது நற்சான்றிதழ்.

உண்மையில் தரை வெற்றிதான். முடி விழுந்தால் தெரியவில்லை. செம்மண் தெரியவில்லை. என் கையிலிருந்து விழுந்த பல்லி மிட்டாய்கூடத் தெரியாமல் மூன்று பேர் காலில் ஒட்டியது. சில வாரங்கள் வீட்டில் சத்தமே இல்லை. அப்பா நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்தார்.

ஆனால் கண்ணுக்குத் தெரிகிற அழுக்குக்கு ஓர் எல்லை உண்டு. தெரியாத அழுக்கு வீடு முழுக்க இருக்கும். அம்மா பாதத்தால் தரையைத் தடவித் தடவி நடக்க ஆரம்பித்தார். உள்ளங்காலை மறுகாலில் தேய்த்துப் பார்ப்பார். காலையில் துடைத்ததை மாலையிலும் துடைத்தார். குடிக்கிற தண்ணீரும் தரைக்குப் போயிற்று. "சுத்தமாத்தான இருக்கு?" என்று அப்பா கேட்டால், "இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்பார். அறிவியல் வாத்தியார் மறுபடி பேப்பரை விரித்துக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை, அப்பா ட்யூஷனுக்குப் போயிருந்தார். அம்மா பீரோவைத் திறந்து, அப்பா பூசைக்குக் கட்டும் வெள்ளை வேட்டியை எடுத்தார். அதை நனைத்துப் பிழிந்து, தரையில் அகலமாக விரித்து, இரு முனையைப் பிடித்துக்கொண்டு முன்னறையிலிருந்து சமையலறை வரை பின்பக்கமாக நடந்து இழுத்தார். கட்டிலுக்கு அடியில், பெட்டிக்கு அடியில், அத்தை படுக்கிற மூலையில். பிறகு வாசலுக்குக் கொண்டுபோய், தெருவே பார்க்கும்படி கொடியில் உதறி விரித்துப் போட்டார்.

வேட்டி செம்மண் நிறத்தில், கறுப்பும் வெள்ளையுமாக முடி அப்பி, எங்கள் மொசைக் தரை மாதிரியே இருந்தது.

அத்தை குடத்தோடு வாசலில் வந்து நின்றார். மணியும் ராணியும் பின்னால். எதிர்வீட்டு அம்மாள் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாள். அம்மா சொல்ல வேண்டியதை வேட்டியே சொன்னது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நானே கூட்டிருப்பனுங்களே அம்மணி" என்றார் அத்தை. அவ்வளவுதான். கொடியிலிருந்து வேட்டியை எடுத்தார். தான் சுமந்து வந்த அந்தக் குடத்துத் தண்ணீரிலேயே அதைத் துவைத்தார். ஒவ்வொரு முடியாகப் பிய்த்தெடுத்தார். நீலம் போட்டு அலசி, முன்னைவிட வெள்ளையாகக் கொடியில் காயப்போட்டுவிட்டு, உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்தார்.

மறுநாள் காலை, சரக்கு இறக்கிவிட்டு ஒட்டன்சத்திரத்துக்குக் காலியாகத் திரும்பிய காய்கறி லாரி ஒன்று தெருமுனையில் நின்றது. அப்பா பெட்டியைத் தூக்கி வைத்தார். "இரு அக்கா" என்று ஒருதரம் சொன்னார். அம்மா உள்ளே இருந்தார். அத்தை என் கன்னத்தைத் தொட்டு, "வாரனுங்க கண்ணு" என்று சொல்லிவிட்டு டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நாய்கள் இரண்டும் பின்னால், முட்டைக்கோஸ் இலைகளுக்கு நடுவில். எனக்கு அழுகை வந்தது. அதைவிடப் பொறாமை அதிகமாக வந்தது. லாரியில் போகிறார்கள்! சொந்த ஊருக்கு, சொந்த வீட்டுக்குப் போகிறார்கள் என்று நினைத்து, திருப்பம் வரை ஓடிக் கையசைத்தேன். அந்த வீட்டை மாமாவின் தம்பிகள் எப்போதோ பூட்டிவிட்டார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது அப்பா அத்தை படுக்கும் மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் தரையை மெல்லத் தடவிக்கொண்டிருந்தார். கண்ணுக்கு நேரே விரலைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி தடவினார்.

"என்னப்பா தொலைஞ்சுபோச்சு?"

"ஒண்ணுமில்லலே. பாலிஷ் சரியா வந்திருக்கான்னு பாக்கேன்."

ஒரு முடிகூட அவருக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவு நன்றாகத் தேர்ந்தெடுத்திருந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் தகவல் வந்தது. மண்டிக்குப் பின்னால் வெங்காயம் போட்டு வைக்கிற அறையில் அத்தையைக் கிடத்தியிருந்தார்கள். மணியும் ராணியும் காலடியில் படுத்திருந்தன. அங்கே மண்தரை. அழுக்கு தெரிகிறதா இல்லையா என்ற பேச்சே எழவில்லை. அம்மாதான் அங்கே எல்லாரையும்விட அதிகமாக அழுதார். மனதில் இல்லாத துக்கத்துக்கு ஏன் இப்படி அழுகிறார் என்று நான் முறைத்துப் பார்த்தேன். நாய்களை எங்களோடு கூட்டிப்போகலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா சரி என்று தலையசைத்தார். ஆனால் கூப்பிட்டும் அவை எழுந்து வரவில்லை.

அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மொசைக் மட்டும் ஒரு விரிசல் இல்லாமல் இன்றும் பழைய வீட்டில் கிடக்கிறது. அம்மா அதன் மேல் இன்னமும் உள்ளங்காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார். அத்தையை வெளியேற்றியவர் என்று நான் பல வருடங்கள் அவரோடு மனசுக்குள் பேசாமல் இருந்ததும் உண்டு. அவருக்கு அது தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பைபாஸ் கடையில் நான் தேர்ந்தெடுத்த சாம்பல்-செம்பட்டைப் புள்ளி டைல்ஸைப் போட்டு முடித்ததும் அம்மாவைக் கூட்டிவந்தேன். நாய் முடியைக் கொண்டுபோய்ச் சோதித்த கதையைப் பெருமையாகச் சொன்னேன். அம்மா வாசலிலிருந்து சமையலறை வரை நடந்து பார்த்தார். கால் விரலால் ஒரு புள்ளியைச் சுரண்டினார். அது அழுக்கல்ல, டைல்ஸ்தான். அத்தையைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"உங்கப்பனும் இப்படித்தாம்லே" என்றார். "நாயக் கூட்டிட்டுப் போயிக் கேட்டுட்டு வந்து தரை போட்டாரு. என்னய ஒரு வார்த்தை கேக்கல."

சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்த என் மனைவி, திரும்பாமலே சொன்னாள்:

"இங்க மட்டும் என்ன வாழுதாம்?"