ஒற்றைத் தட்டு

இதைக் கற்பனை என்று எவரும் புறந்தள்ள வேண்டாம். தென்காசி கூட்ஸ் ஷெட்டில், சென்ற சாரல் பருவத்தில், பட்டப்பகலில் நடந்தது. அங்கே சரக்கு இறக்கும், பேயை நம்பாத நல்லதம்பியே இதற்குச் சாட்சி.

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து சரக்கு ரயிலில் வரும் தேக்குத் தடிகளை அங்கே இறக்குவார்கள். இந்தப் பக்கம் நிற்பவன் சங்கிலியைக் கழற்றினால், தடிகள் மறுபக்கம் உருளும். மறுபக்கத்தில் நிற்பவர் ஆப்புகளை உருவிவிட்டு ஒதுங்கி, இரும்புக் கம்பியால் வேகனைத் தட்ட வேண்டும். இரண்டு தட்டு என்றால், விடலாம். ஒற்றைத் தட்டு என்றால், பொறு.

முந்தைய ஆண்டு மறுபக்கம் நின்ற நம்பிராஜன் நசுங்கி இறந்தான். அன்று சங்கிலியைக் கழற்றியவர் சூப்பர்வைசர் பால்வண்ணநாதன். “ரெண்டு தட்டு தட்டுனது அவந்தான்” என்றார். உழைத்தவன் உயிரும் போயிற்று. பழியும் அவன் தலையிலேயே விழுந்தது. வயிற்றுப்பாட்டுக்காக அவன் மனைவி ஆவுடைத்தாய் அதே இடத்தில் வேலைக்கு நின்றாள்.

அன்று மலை முழுவதும் மேகம். சாரல் விடவில்லை.

“தூங்கிராதீங்க கொழுந்தனாரே!” என்று நல்லதம்பியைச் சீண்டிவிட்டு மறுபக்கம் போனாள் ஆவுடைத்தாய்.

அவன் சங்கிலியருகே காத்திருந்தான்.

டக்.

ஒன்று. பொறுத்தான்.

நேரம் போயிற்று... மீண்டும் ஒன்று.

“என்னலே பராக்குப் பாக்க? வண்டி துறைமுகத்துக்குத் திரும்பாண்டாமா?” சீறினார் பால்வண்ணநாதன்.

“ஒத்தைத் தட்டுல்லா கேக்குது, அண்ணாச்சி.”

அவர் முகம் வெளிறியது. “எனக்கு ஒண்ணும் கேக்கல. தள்ளுலே!”

அவரே சங்கிலியில் கைவைத்தார்.

“மதினி! என்ன அங்கன?”

நல்லதம்பி கத்தினான்.

டக்.

இம்முறை ஓசை இரும்பிலிருந்து வரவில்லை. தடிகளுக்குள்ளிருந்து...

நல்லதம்பி வேகனைச் சுற்றி ஓடினான்.

ஆப்புகள் உருவப்பட்டிருந்தன. ஈரக் கல்லில் வழுக்கி, தலையில் அடிபட்டு, தடிகளுக்கு நேர் கீழே மயங்கிக் கிடந்தாள் ஆவுடைத்தாய். தட்டும் கம்பி, தொலைவில், ஷெட்டின் தூணில் சாய்ந்திருந்தது. அதில் ஒரு துளி ஈரமில்லை.

அவன் கண்ணெதிரே, யாருமற்ற வேகனில்...

டக்.

அவளை இழுத்தான்.

சங்கிலி கழன்றது.

அவள் கிடந்த இடத்தில் தடிகள் சரிந்தன.

மாலையில் மருத்துவமனைக்கு வந்த பால்வண்ணநாதன், கட்டிலருகே நின்றார்.

“அன்னைக்கும் ஒத்தைத் தட்டுதான், தாயி. எனக்கு நல்லாக் கேட்டுது. நேரமாவுதேன்னு நாந்தான்...”

ஆவுடைத்தாய் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கவனமத்த பாவின்னு, ஒரு வருசமா அந்த மனுசனத்தான ஏசிக்கிட்டுக் கெடந்தேன்...”