எழுநூறு பஸ்கி

எனக்குக் கல்யாணமாகி மூன்றாம் மாதம். வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம்; நான் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டாஞ்சேனையில் இருந்த என் மனைவியின் அண்ணன் வந்தார். புதிதாக உடற்பயிற்சி பழகிக்கொண்டிருந்தவர், வந்ததும் வராததுமாகச் சட்டைக் கையை மடித்துப் புஜத்தைக் காட்டினார்.

"மச்சான், உம்மால ஐம்பது பஸ்கி எடுக்கேலுமோ?"

"நீங்கள் எடுக்கிறதுக்கு மேல ஒண்டு எடுப்பன்" என்றேன்.

மனைவி கதிரையைப் போட்டு உட்கார்ந்து எண்ணினாள். குந்தினோம், எழும்பினோம். இருநூறு வரை பகிடி விட்டோம். நானூறில் பேச்சு நின்றது.

"ரெண்டு பேருக்கும் விசரே? நிப்பாட்டுங்கோ!"

யார் முதலில் நிறுத்துவது? எழுநூறில் அவர் சுவரைப் பிடித்தார், நான் தரையில் விழுந்தேன். வெற்றி தோல்வி இல்லை என்று கைகொடுத்துக்கொண்டோம். மறுநாள் விடுமுறை என்பதால் அவர் எங்களோடு தங்கினார்.

காலையில் முழங்கால் மடங்கவில்லை. கொல்லைக்குப் போக இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக வழுக்கி இறங்கினோம். முதலில் போனவர் உள்ளே இருந்து கத்தினார்.

"மச்சான், எனக்கு மூத்திரம் பால் விடாத பிளேன்ரீ நிறத்தில போகுது!"

அடுத்து நான் போனேன். "எனக்கும்!"

பயந்திருக்க வேண்டும். ஆனால் கதவின் இரு பக்கமும் நின்று வயிறு நோகச் சிரித்தோம். மனைவி சிரிக்கவில்லை. இரண்டு ரிக்‌ஷா பிடித்துப் பக்கத்துப் பாமன்கடையில் இருந்த டொக்டரிடம் கொண்டுபோனாள்.

அவர் எங்கள் தொடைகளை அமுக்கிப் பார்த்தார். கல்லாக வீங்கியிருந்தன.

"தசை உடைஞ்சு அதின்ர சாயம் ரத்தத்தில கலந்திட்டுது. சிறுநீரகம் அடைச்சா ஆள் தப்பாது. படுத்திருந்து தண்ணி குடியுங்கோ. போறதைப் போத்தல்ல பிடிச்சு வைச்சு, நிறத்தைப் பாருங்கோ."

அப்போதுதான் சிரிப்பு அடங்கியது. ஒரு மணி நேரத்துக்குத்தான். பக்கத்துப் பக்கத்துப் பாயில் கிடந்து, யார் அதிகம் செவ்விளநீர் குடிப்பது என்று அடுத்த போட்டியைத் தொடங்கிவிட்டோம். யன்னலோரம் இரண்டு போத்தல்கள். மனைவி வேளைக்கு வேளை அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திரும்ப வைப்பாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் ஒன்றை வைத்துவிட்டு மற்றதைத் தூக்கினாள். மறுபடி முதலாவதைத் தூக்கினாள்.

"ரெண்டும் தண்ணி மாதிரி வெளிச்சிட்டுது" என்றாள்.

சொல்லிவிட்டு, போத்தலும் கையுமாகத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணீர் வழிய, மூச்சு வாங்கச் சிரித்தாள். மச்சான் எழுந்து ஆடப் பார்த்து, தொடை பிடித்து என் மேல் விழுந்தார்.